ஒரு நாள் முகாம் போதாது: நெல்லைப் பள்ளிப் பிள்ளைகளின் பல்லுக்காக ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும், தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோருக்கும் வணக்கம்.

நம் மாவட்டத்தின் ஒவ்வோர் அரசுத் தொடக்கப்பள்ளியிலும் அங்கன்வாடியிலும் சொத்தையைத் தடுக்கப் பிள்ளைகளின் பல்லில் ஃபுளோரைடு வார்னிஷ் என்ற மருந்துப் பிசினைப் பூசும் வேலையை ஆண்டுக்கு இரண்டு முறை, தவறாமல் நடத்துங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதுகிறோம். பூசுவதற்கு முன்னால் அந்தந்த ஊர்க் குடிநீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிடுங்கள் என்பதும் இதே கோரிக்கையின் சரிபாதி. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் செய்தால் பலன் அரைகுறையாகத்தான் இருக்கும். ஏன் என்பதை விவரமாகவே சொல்லிவிடுகிறோம்.

பல்லின் மேலோடான எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து இறுகிய படிகம். பல்லில் படியும் மாவுப் படலத்துக்குள் இருக்கும் கிருமிகள் சீனியைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த இடத்தில் பி.எச். அளவு (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியம் கரைய ஆரம்பிக்கும். எச்சில் மெல்ல மெல்ல அமிலத்தை முறித்து, கரைந்ததைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதற்கு ஏறக்குறைய அரை மணி நேரமாவது வேண்டும். ஆகவே மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு துண்டு அல்வா தின்று முடிக்கிற பிள்ளையைவிட, பெட்டிக்கடைத் தேன்மிட்டாயை நாள் முழுக்க ஒவ்வொன்றாக வாயில் ஒதுக்கிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குத்தான் சொத்தை சீக்கிரம் விழும். எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. கருப்பட்டி மிட்டாயும் பனங்கற்கண்டும் உடம்புக்கு நல்லவை என்று நம் வீடுகளில் தாராளமாகக் கொடுக்கிறோம். கிருமிக்கு அவையும் சீனிதான்.

ஃபுளோரைடு இந்தச் சண்டையில் எச்சிலின் பக்கம் நிற்கிறது. மேற்பரப்பில் சிறிதளவு இருந்தாலே போதும், கால்சியம் திரும்பச் சேர்வது வேகமாகும். அப்படிச் சேர்ந்த படிகம் பழைய படிகத்தைவிட உறுதியானது, பி.எச். 4.5 பக்கம் இறங்கினால்தான் அது கரையும். இவ்வளவும் பல்லின் மேல் நடக்கிற வேலை. ஏற்கெனவே முளைத்துவிட்ட பல்லுக்கு, வயிற்றுக்குள் போன ஃபுளோரைடால் கிடைக்கும் நன்மை சொற்பம். பல்லில் பட வேண்டும், வயிற்றுக்குள் போகக் கூடாது: இந்த மடலில் வருகிற அளவுகளும் எச்சரிக்கைகளும் எல்லாம் இதிலிருந்து வருபவையே.

அங்கன்வாடிப் பணியாளர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். மூன்று வயதுப் பிள்ளை ஒன்றை வெளிச்சத்தைப் பார்த்து உட்காரவைத்து, மேலுதட்டை இரண்டு விரலால் தூக்குங்கள். முன்பற்களைக் காஸ் துணியால் ஒற்றி ஈரம் போக்கிவிட்டு, ஈறும் பல்லும் சேரும் விளிம்பைப் பாருங்கள். அங்கே சுண்ணாம்பு தடவினதுபோல் மங்கிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் தொடக்கம். ஈரமாக இருக்கும்போது அது கண்ணில் படாது, உலர்ந்தால்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் பல்லில் ஓட்டை கிடையாது, வலி கிடையாது. மேலோடு உடையாமல் இருக்கிறவரை கரைந்த கால்சியத்தைத் திரும்ப ஏற்ற முடியும். கோடு பழுப்பாகிச் சொரசொரத்து மேலோடு உடைந்துவிட்டால் பிறகு எந்தப் பூச்சாலும் அதை மூட முடியாது. இரவில் சீனி போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்குகிற பிள்ளைகளுக்கு இந்தக் கோடு ஒன்றரை, இரண்டு வயதிலேயே வந்துவிடுகிறது. ஆகவே பூச்சை ஒன்றாம் வகுப்பில் ஆரம்பிப்பது தாமதம். அங்கன்வாடியில் ஆரம்பிக்க வேண்டும்.

வார்னிஷ் என்பது 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு கலந்த பிசின். ஒரு மில்லிலிட்டரில் 22.6 மில்லிகிராம் ஃபுளோரைடு, அதாவது 22,600 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 22,600 பங்கு). எச்சில் பட்டவுடன் இறுகிப் பல்லில் ஒட்டிக்கொண்டு, பல மணி நேரம் ஃபுளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும். 2013-இல் காக்ரேன் அமைப்பு பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வார்னிஷ் பூசிய பிள்ளைகளுக்கு நிரந்தரப் பற்களில் சொத்தை சராசரியாக 43 சதவீதமும் பால் பற்களில் 37 சதவீதமும் குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பல்லுக்கான ஃபுளோரைடு தயாரிப்புகளும் இடம்பெற்றுள்ளன. ஸ்காட்லாந்தில் சைல்ட்ஸ்மைல் என்ற அரசுத் திட்டம், மழலையர் பள்ளியில் தினமும் ஆசிரியர் கண்காணிப்பில் பல் துலக்குவதையும் வார்னிஷ் பூச்சையும் சேர்த்தே நடத்துகிறது. நாங்கள் கேட்பது புதிய பரிசோதனை அல்ல.

இனி தண்ணீர். நம் மாவட்டத்துக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். தாமிரபரணிக் கரை ஊர்களிலும், ஆற்றுநீர்க் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தடங்கலில்லாமல் வருகிற ஊர்களிலும் பொதுவாகத் தண்ணீரில் ஃபுளோரைடு குறைவு. கடினப் பாறைக்குள் இறக்கிய ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் ஊர்களின் நிலை வேறு. மானூர் ஒன்றியத்துச் சில ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பதும், மக்களுக்கு அதனால் பாதிப்பு இருப்பதும் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதி லிட்டருக்கு 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் தினமும் குடித்தால் முளைத்து வரும் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். அளவு இன்னும் ஏறிப் பல்லாண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

இதைத் தெரிந்துவைத்திருக்கும் பெற்றோர், "ஏற்கெனவே தண்ணியில இருக்கு, நீங்க வேற பூச வாறீங்களா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்காமல் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள தண்ணீரைப் பிள்ளை நாளுக்கு ஒரு லிட்டர் குடித்தால் ஆண்டுக்கு 730 மில்லிகிராம் உள்ளே போகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை 0.4 மில்லிலிட்டர் வார்னிஷ் பூசி, அது அத்தனையும் வயிற்றுக்குள் போனதாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 18 மில்லிகிராம்தான். கறைக்குக் காரணம் தினசரித் தண்ணீர். அங்கே முதல் வேலை, குடிப்பதற்கும் சத்துணவு சமைப்பதற்கும் ஆற்றுநீரைக் கொண்டுவருவது. தண்ணீர் மாறுகிறவரை அந்த ஊர்களில் எல்லாருக்கும் பொதுவாகப் பூசாமல், வெள்ளைக் கோடோ சொத்தையோ உள்ள பிள்ளைகளைப் பல் மருத்துவர் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பூசலாம். கறை விழுந்த பல்லுக்குச் சொத்தை வராது என்று சிலர் நினைக்கிறார்கள். கடுமையாகக் கறை விழுந்த பல்லின் மேலோடு நொய்ந்து பெயரும், அதிலும் சொத்தை பிடிக்கும்.

மறுபக்கம், மானூரின் பெயரைச் சொல்லி சேரன்மகாதேவியிலும் அம்பாசமுத்திரத்திலும் ஆற்றுத்தண்ணீர் குடிக்கிற பிள்ளைகளுக்குப் பூச்சை மறுப்பதும் அநியாயம். எந்த ஊர் எந்தப் பக்கம் என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தால் போதும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் அளக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கொடுத்த கள ஆய்வுப் பெட்டியில் முதல் சோதனையைச் செய்துவிட்டு, 1 மில்லிகிராமைத் தாண்டுகிறவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள். கண்ணாடிப் பாட்டில் ஃபுளோரைடு அளவைக் குழப்பும். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். பள்ளிக்கூடத்துக் குழாய், பிள்ளைகள் வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கிற குழாய் இரண்டிலும் எடுக்க வேண்டும். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஒருமுறை. நீர்மட்டம் மாறும்போது அளவும் மாறும். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். வீட்டில் வைக்கும் சாதாரண கேண்டில் ஃபில்டரும் அதைப் பிடிக்காது, ஆர்.ஓ. கருவி பிடிக்கும், ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டி பிடிக்கும்.

பூசும் நாளைப் பற்றி. முதல் சுற்றை நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வருகிற ஜூலையில் வைக்கலாம். இரண்டாம் சுற்று பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரிக் கடைசியில். இடைவெளி ஆறு மாதம் சரியாக வரும். பல முகாம்களில் காலையிலேயே பூசிவிடுகிறார்கள், அப்புறம் மத்தியானம் சுடச்சுடச் சாம்பார் சாதம் சாப்பிடும்போது பாதிப் பூச்சு பெயர்ந்துவிடுகிறது. சத்துணவு முடிந்து 1.30 மணிக்குமேல் பூசுங்கள். வெறும் வயிற்றில் பூசினால் சில பிள்ளைகளுக்குக் குமட்டும், அதற்கும் இதுவே தீர்வு. பூசியபின் நான்கு மணி நேரம் சூடான காப்பி, டீ, முறுக்கு, கடலை மிட்டாய் எதுவும் வேண்டாம். ஆறாத தண்ணீர் தவிர மற்றபடி தண்ணீர் குடிக்கலாம். அன்று இரவு பல் துலக்கக் கூடாது, மறுநாள் காலையில் துலக்கினால் போதும். இந்த நான்கு வரியைத் தமிழில் அச்சடித்துப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லியனுப்பினால் வீடு போய்ச் சேராது.

அளவு: பால் பல் மட்டும் உள்ள பிள்ளைக்கு 0.25 மில்லிலிட்டர், பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்திருக்கும் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 0.4 மில்லிலிட்டர். ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று தனித்தனியாக அடைத்து வரும் பொதியையே வாங்குங்கள். பெரிய டியூபிலிருந்து பிதுக்கினால் கைக்குக் கை அளவு மாறும், ஒருவர் எச்சில் இன்னொருவருக்குப் போகவும் வழியுண்டு. பொதியைத் திறந்ததும் கூட வரும் சிறு தூரிகையால் நன்றாகக் கலக்க வேண்டும். ஃபுளோரைடு அடியில் தங்கிவிடும். கலக்காமல் தொட்டால் மேலே இருக்கும் வெறும் பிசினைத்தான் பூசுவோம். வாயை நான்கு பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பகுதியைக் காஸால் துடைத்து உடனே மெல்லிய படலமாகப் பூசி, அடுத்த பகுதிக்குப் போகலாம். கடைவாயிலிருந்து முன்னால் வருவது நல்லது. முன்பல்லில் ஆரம்பித்தால் எச்சில் ஊறிக் கடைவாய் நனைந்துவிடும். துளி ஈரமும் இல்லாமல் உலர்த்த வேண்டியதில்லை, ஒற்றி எடுத்தால் போதும். பூசுமுன் பல்லைச் சுத்தம் செய்ய இயந்திரமும் தேவையில்லை. ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். அங்கன்வாடிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, அம்மாவும் பூசுபவரும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்து, பிள்ளையின் தலை பூசுபவர் மடியில் இருக்கும்படி சாய்த்துக்கொண்டால் அழுதாலும் வேலை நடக்கும். அழும்போது வாய் நன்றாகத் திறந்துதான் இருக்கும்.

பூசக் கூடாதவர்களும் உண்டு. பிசினுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், வாய்ப்புண்ணோ ஈறில் புண்ணோ இருப்பவர்கள், ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்கள். ஒப்புதல் படிவத்திலேயே இம்மூன்றையும் கேள்வியாகப் போட்டுவிட வேண்டும். சில வார்னிஷ் மஞ்சளாக இருக்கும். மறுநாள் துலக்கியதும் நிறம் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், பல் மஞ்சளாப்போச்சு என்று பெற்றோர் மறுநாள் காலை பள்ளி வாசலுக்கு வந்துவிடுவார்கள். அடுத்த சுற்றில் பாதிப்பேர் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

வார்னிஷுக்குப் பதிலாக வேறு முறைகளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். தட்டில் ஊற்றி நான்கு நிமிடம் கடித்துக்கொண்டிருக்கும் 1.23 சதவீத அமில ஃபுளோரைடு ஜெல், பல் மருத்துவமனை நாற்காலியில் எச்சில் உறிஞ்சும் குழாயோடு செய்ய வேண்டியது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை அதை விழுங்கிவிடும், பள்ளிக்கூட வராந்தாவுக்கு அது வேண்டாம். வாரம் ஒருமுறை 0.2 சதவீத சோடியம் ஃபுளோரைடு கரைசலால் கொப்பளிப்பது செலவு குறைவு, ஆறு வயதுக்கு மேல் பலனும் உண்டு. ஆனால் சோடியம் ஃபுளோரைடு தூளைப் பள்ளியில் வைத்து லிட்டருக்கு 2 கிராம் என்று ஆசிரியர் கரைப்பதை நாங்கள் உறுதியாக எதிர்க்கிறோம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் ஃபுளோரைடு உள்ளே போனாலே பிள்ளையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த 2 கிராம் தூளில் சுமார் 900 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. 10 கிலோப் பிள்ளைக்கு ஆபத்து வரம்பு 50 மில்லிகிராம்தான். அப்படிப்பட்ட தூள், உப்பும் சோடா மாவும் இருக்கிற சத்துணவுக் கூடத்தின் பக்கத்து அலமாரியில் இருக்கவே கூடாது. ஒப்பிட்டால், வார்னிஷ் பொதி ஒன்றில் இருப்பது 6 முதல் 9 மில்லிகிராம்.

ஆண்டுக்கு இரண்டு நாள் பூச்சு, மற்ற நாட்களுக்குப் பேஸ்ட். பேஸ்டில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது, அளவை டியூபில் அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. 1000 என்று அச்சிட்டதையே வாங்குங்கள். மூலிகைப் பேஸ்ட், பல்பொடி பலவற்றில் ஃபுளோரைடு அறவே கிடையாது. உமிக்கரியும் செங்கல் பொடியும் பல்லைத் தேய்த்தே எடுத்துவிடும். சுண்ணாம்புத் தூள் சேர்த்த பேஸ்ட் வெயிலில் கிடந்தால் அதிலுள்ள ஃபுளோரைடு நாளடைவில் வேலைக்காகாமல் போகும், ஆகவே காலாவதித் தேதி நெருங்கிய சரக்கை மொத்தமாக வாங்காதீர்கள். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்க வேண்டாம். பட்டாணி அளவில் கால் மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. இரண்டு வேளையும் விழுங்கினால் நாளுக்கு அரை மில்லிகிராம். ஆறு வயதுவரை பேஸ்டைப் பெரியவர்தான் வைத்துக் கொடுக்க வேண்டும். துலக்கி முடித்ததும் துப்ப வேண்டும், அவ்வளவுதான். செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து நாலு தடவை கொப்பளிக்கிற நம் பழக்கம், பல்லில் இப்போதுதான் படிந்த ஃபுளோரைடை வடிகாலுக்கு அனுப்பிவிடுகிறது. இதை மாற்றுவது வார்னிஷ் வாங்குவதைவிடக் கடினம் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்தபின் வரிசையாக உட்கார்ந்து இரண்டு நிமிடம் துலக்கித் துப்புவதை ஆசிரியர் பழக்கிவிட்டால், வீட்டிலும் அந்தப் பழக்கம் ஏறும்.

ஓட்டை விழுந்த பல்லுக்கு வார்னிஷ் வைத்தியமாகாது. ஈறில் சீழ்க் கொப்புளம், கன்னத்தில் வீக்கம், இரவில் எழுப்பிவிடும் வலி இருந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வலியில்லாத ஓட்டைகளில் 38 சதவீத சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற திரவ மருந்தை ஒரு சொட்டுத் தடவினால் பெரும்பாலும் சொத்தை பரவாமல் நிற்கும். ஊசியும் துளையிடலும் வேண்டாம். ஆனால் சொத்தைப் பகுதி கன்னங்கரேலென்று கறுத்து நிரந்தரமாக அப்படியே இருக்கும். கறுத்த பல்லின் படத்தைக் காட்டிய பிறகே பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லின் ஆழமான பள்ளங்களில் ஃபுளோரைடின் காப்பு குறைவு. அந்தப் பள்ளங்களைப் பல் மருத்துவர் சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். அந்தப் பல்லைப் பால் பல் என்று நினைத்து, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடும் பெற்றோர் ஏராளம். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள் இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் பல கடைவாய்ப் பற்கள் தப்பும்.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது பெரிய அமைப்பு எதுவும் இல்லை. ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் (தேசியச் சிறார் நலத் திட்டம்) மருத்துவக் குழுக்கள் ஏற்கெனவே அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பரிசோதனைக்கு வருகின்றன, பல் குறைபாடும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உண்டு. அந்த வருகையோடு பூச்சை இணைக்கலாம். வகுப்புக்கு ஒரு பதிவேடு வைத்து, பிள்ளையின் பெயருக்கு நேரே தண்ணீரின் ஃபுளோரைடு அளவு, பூசிய தேதி, வார்னிஷ் பேட்ச் எண், அடுத்த தேதி, வெள்ளைக் கோடு உண்டா இல்லையா என்று ஐந்து கட்டம் போட்டால் போதும். முதல் சுற்றில் விடுபட்ட பிள்ளையை எந்த முகாமும் தேடிப் போவதில்லை. அன்று லீவு போட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வீட்டில் கவனிக்க ஆள் இருப்பதில்லை, சொத்தையும் அவர்களிடம்தான் அதிகம். ஆகவே ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு வாரத்துக்குள் ஒரு மறுவருகை நாளை இப்போதே அட்டவணையில் போட்டுவிடக் கேட்டுக்கொள்கிறோம். இரண்டாம் சுற்றுக்கான வார்னிஷையும் முதல் சுற்று வாங்கும்போதே ஒப்பந்தத்தில் சேர்த்து, சரக்கை மட்டும் டிசம்பரில் இறக்கச் சொல்லுங்கள். நிதி ஒதுக்கீடு தள்ளிப்போய் ஜனவரிச் சுற்று ஆண்டுத் தேர்வு நேரத்துக்குள் போய் விழுந்தால் அந்த ஆண்டு அது நடக்காது.

பூசுவதற்கும், பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கும், தண்ணீர் அளவை வைத்து ஊர்களைப் பிரிப்பதற்கும் எங்களை எப்போது அழைத்தாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமையில் பல் நலப் பணியில் இருக்கும் பல் மருத்துவர்களும் சுகாதாரப் பணியாளர்களும்